பெட்டியை நகர்த்துவதா, வாடகைக்கு எடுப்பதா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் பின்வளவில் 20 அடிக் கொள்கலன் ஒன்று இரண்டு வருடம் நின்றது. வந்த அன்று அதை இறக்கி வைக்க நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே எடுக்க மூன்று நாள் போயிற்று. கூடவே பன்னிரண்டு அடிப் புது மதிலும் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வீட்டைத் திருத்தினோம். மதில் கட்டினோம். ஒழுங்கை முகப்பில் ஒருவர் சிறிய கடை போட்டார். முடக்கில் புதிதாக ஒரு மின்கம்பம் நட்டார்கள். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அது வந்த வழிதான் இல்லாமல் போயிற்று.

வீடு திருத்துகிறவர்கள், கடை மாற்றுகிறவர்கள், ஊரோடு வந்து இருக்க நினைப்பவர்கள், கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு தொலைபேசியில் வேலை நடத்துகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: சொந்தமாக இருக்கிற பெட்டியைப் புது இடத்துக்குக் கொண்டுபோவதா, அல்லது அங்கே ஒன்றை வாடகைக்கு எடுப்பதா? பலரும் உடனே மாதங்களை எண்ணத் தொடங்குகிறார்கள். நான் தூக்குகளை எண்ணச் சொல்வேன். பெட்டி நிலத்தைவிட்டு எத்தனை தடவை எழும்பப் போகிறது என்பதில்தான் காசு கரைகிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு சொல். 1998இல் புளோரிடாவில் தொடங்கிய பொட்ஸ் போன்ற நிறுவனங்கள், வாசலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு மாதக் கட்டணம் வாங்குகின்றன. அந்தப் பெட்டிகள் அதற்கென்றே செய்யப்பட்டவை. தூக்கும் பொறியும் அதற்கென்றே செய்யப்பட்டது. வாசலில் காரும் வேனும் நிறுத்த இடமும் இருக்கும். அந்த நினைப்போடு யாழ்ப்பாணத்தில் விலை கேட்டால் குழம்பிப்போவீர்கள். இங்கே வாடகைக்கு வருவதும் பெரும்பாலும் கப்பலில் ஓடி முடித்த அதே இரும்புப் பெட்டிதான். தூக்குவதும் அதே பாரந்தூக்கிதான். நுழைய வேண்டியதும் அதே ஒழுங்கைதான்.

முதற்படி: காகிதத்தில் கணக்கு

மூன்று விலைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் பெட்டியை இருக்கும் இடத்தில் தூக்கி, ஏற்றி, புது இடத்தில் இறக்கி வைப்பதற்கான முழு விலை. இரண்டு, புது இடத்தில் வாடகைப் பெட்டி ஒன்றுக்கு மாதம் எவ்வளவு, கொண்டுவந்து வைக்க எவ்வளவு, திருப்பி எடுக்க எவ்வளவு. மூன்று, உங்கள் பெட்டியை நின்ற நிலையிலேயே, "எடுப்பது வாங்குகிறவர் பொறுப்பு" என்று விற்றால் என்ன கிடைக்கும்.

ரூபாய்க் கணக்கை நான் எழுதவில்லை. டீசல் விலை மாறினால் அது மறுநாளே பழசாகிவிடும். அதற்குப் பதிலாக மாத வாடகையை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் மடங்காக எழுதுங்கள். ஓர் உதாரணம்: நகர்த்தும் செலவு 6 மாத வாடகை, புது இடத்தில் கல் வைத்து மட்டம் பார்ப்பது, சாமானை இறக்கி ஏற்றுவது என்று இன்னும் 2. மொத்தம் 8. வாடகைப் பெட்டி வந்து போவதற்கு 5. வித்தியாசம் 3. அப்படியானால் மூன்று மாதத்துக்கு மேல் தேவைப்பட்டாலே சொந்தப் பெட்டியை நகர்த்துவது இலாபம் போலத் தெரியும். ஆனால் வேலை முடிந்ததும் அங்கிருந்தும் அதைத் தூக்க வேண்டி வருமா? வருமென்றால் இன்னும் 6 சேருங்கள். இப்போது வித்தியாசம் 9 மாதம். ஒரே ஒரு நகர்த்தல் கூடியதில் கணக்கு மூன்று மடங்காகிவிட்டது. இந்த எண்கள் உதாரணத்துக்கானவை. உங்களுக்கு வந்த விலைகளைப் போட்டு நீங்களே பாருங்கள்.

யாரும் விலை சொல்லாத நான்காவது வழியும் உண்டு. பெட்டி நின்ற இடத்தில் நிற்கட்டும், சாமான் மட்டும் போகட்டும். புது இடத்தில் ஓர் அறையோ கடையின் பின்பக்கக் களஞ்சியமோ வாடகைக்குக் கிடைத்தால், சின்ன லொறியில் நாலைந்து நடை அடித்து வேலையை முடித்துவிடலாம். தேவை ஆறு மாதத்துக்கு உட்பட்டதென்றால் நான் முதலில் இதைத்தான் விசாரிப்பேன். இரும்புப் பெட்டியின் மேல் நமக்கு ஏனோ ஒரு மோகம்.

இரண்டாம் படி: உங்கள் பெட்டி எது?

"கொன்ரெயினர் ஒன்று இருக்கிறது" என்று சொன்னால் பாரந்தூக்கிக்காரருக்கு ஒன்றும் விளங்காது. 20 அடிப் பெட்டியின் வெளிநீளம் 6.06 மீற்றர், அகலம் 2.44 மீற்றர், உயரம் 2.59 மீற்றர். வெறும் பெட்டியின் எடை 2,200 கிலோகிராமுக்குச் சற்று மேலே. உள்ளே கிட்டத்தட்ட 33 கன மீற்றர் இடம். 40 அடிப் பெட்டி 12.19 மீற்றர் நீளம், வெறும் எடை 3,700 கிலோவைத் தாண்டும். உயரப் பெட்டி என்று ஒரு வகை உண்டு. அது 2.90 மீற்றர். அந்த ஓரடி வித்தியாசம் தாழ்ந்த மின்கம்பிக்குக் கீழே போகும்போது நினைவுக்கு வரும்.

கதவிலே நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் இருக்கும். அதற்குக் கீழே வெறும் எடையும் ஏற்றக்கூடிய மொத்த எடையும் எழுதப்பட்டிருக்கும். கதவில் அறைந்த உலோகத் தகட்டையும் சேர்த்துப் படம் எடுத்து, விலை கேட்கும்போதே அனுப்பிவிடுங்கள். 40 அடி என்றால் ஊர் ஒழுங்கைகளை மறந்துவிடுங்கள். ஏ9, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி போன்றவற்றின் ஓரத்தில் திறந்த காணி இருந்தாலன்றி அதை நகர்த்துவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வீதியிலிருந்து நேரே இழுத்து நுழையும் வளவு உள்ளவர்கள் விதிவிலக்கு.

பெட்டி நகர்த்தத் தகுந்ததா என்று பார்ப்பது அடுத்தது. நண்பகலில் உள்ளே போய்க் கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் நின்றால் கண் பழகும். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கே மாரியில் தண்ணீர் வரும். நான்கு மூலைத் தூண்களையும் எட்டு மூலை வார்ப்புகளையும் (கொக்கி மாட்டும் துளையுள்ள இரும்புக் கட்டிகள்) கறள் தின்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவர்த் தகட்டில் ஓட்டை இருந்தால் ஒட்டு வேலை செய்பவர் அரை நாளில் அடைத்துவிடுவார். மூலை வார்ப்புக்குப் பக்கத்தில் கறள் பொரிந்து உதிர்ந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கவே கூடாது; எடை முழுவதும் அந்த நான்கு மூலைகளில்தான் தொங்குகிறது. அடிப்பக்கக் குறுக்குச் சட்டங்களையும் படுத்துப் பாருங்கள். அரியாலை, நாவற்குழி, கைதடி, தீவுப் பகுதி என்று கடல்நீரேரிக் காற்றில் நின்ற பெட்டிக்கு மேலே புதுப் பூச்சு இருக்கலாம். அடியைப் பார்த்தால்தான் அதன் வயது தெரியும்.

மூன்றாம் படி: ஒழுங்கையில் நடந்து அளப்பது

இதை வாகனச் சாரதியிடம் விட்டுவிடாதீர்கள். அளவு நாடாவோடு நீங்களே நடக்க வேண்டும். பிரதான வீதியிலிருந்து உங்கள் படலைவரை, மிக ஒடுங்கிய இடத்தை அளந்து எழுதுங்கள். லொறியின் அகலம் ஏறத்தாழ 2.5 மீற்றர். பத்தடி ஒழுங்கை என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடிகூட மிஞ்சாது. காணி உறுதியில் பன்னிரண்டு அடிப் பாதை என்று இருக்கும். நிலத்தில் ஒரு பக்கம் கதியால் வேலி புடைத்து, மறுபக்கம் மதில் அரையடி முன்னே வந்து, ஒன்பதடி ஆகியிருக்கும். நிலத்தில் உள்ளதையே அளந்துகொள்ளுங்கள். உறுதியைக் காட்டி வழக்காடுவது வேறொரு நாளைக்கு.

"கல் இறக்க டிப்பர் வந்ததுதானே" என்று அயலவர் சொல்வார். டிப்பர் குட்டையானது. நேர் ஒழுங்கையில் அகலம்தான் பிரச்சினை. முடக்கிலே நீளம்தான் பிரச்சினை. 20 அடிப் பெட்டி ஏற்றிய லொறி ஒரு முடக்கில் திரும்பும்போது பின்சில்லு உட்பக்க மதிலை நோக்கி ஒதுங்கிப் போகும், முன்தலை வெளிப்பக்கம் நீளும். முடக்கின் இரண்டு பக்க அகலங்களையும் அளந்து, உள் மூலையில் என்ன நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: மின்கம்பமா, மதில் தூணா, பிள்ளையார் மாடமா. பிள்ளையார் நிற்கிறார் என்றால் வேறு வழி தேடுங்கள். அவரை யாரும் நகர்த்த மாட்டார்கள்.

வழி பார்க்க எனக்கு ஒரு முதியவர் சொல்லித்தந்த குறுக்கு வழி உண்டு. கோயில் தேர் ஓடுகிற வீதியா என்று கேள். ஓடினால் பெட்டியும் ஓடும். பாதி உண்மைதான். தேரன்று கம்பியைக் கழற்றுகிற ஊர்களும் உண்டு. ஆனாலும் வீதியின் அகலத்தையும் முடக்கையும் பொறுத்தவரை அது நல்ல அடையாளம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆடி ஆவணியில் நாள் குறிப்பவர்கள் உள்ளூர்க் கோயில் கொடியேற்றத்தையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

வழியில் பனை நிற்கிறதா? பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உங்கள் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

நான்காம் படி: அண்ணாந்து பார்ப்பது

பெட்டி இழுவையில் (கொள்கலன் ஏற்றும் நீண்ட வண்டியில்) ஏறியதும் நிலத்திலிருந்து அதன் உச்சி ஏறத்தாழ 4 மீற்றர் உயரம் வரும். உயரப் பெட்டி என்றால் 4.3 அல்லது அதற்கு மேல். ஒழுங்கைக்குக் குறுக்கே வீட்டுக்கு வீடு போகும் மின்னிணைப்புக் கம்பி அந்த உயரத்திலேயே தொங்குகிற இடங்கள் ஏராளம். தொலைபேசிக் கம்பியும் இணையக் கம்பியும் அதைவிடத் தாழ்வு.

இங்கே நடக்கிற ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். லொறியின் மேலே ஒரு பொடியன் ஏறி நின்று கவைத்தடியால் கம்பியைத் தூக்கிவிடுவான். கீழே லொறி மெல்ல ஊரும். வைக்கோல் லொறிக்கு அப்படிச் செய்து பழகியவர்கள் இரும்புப் பெட்டிக்கும் செய்கிறார்கள். பெட்டி முழுவதும் இரும்பு, நிற்கிறவன் வெறுங்கால், தடி ஈரமாக இருக்கலாம். இதைச் செய்யும் வாகனக்காரரை நீங்கள் அமர்த்தக் கூடாது. உங்கள் பகுதி மின்சார நுகர்வோர் சேவை நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, கம்பியைக் கழற்றவோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ கேளுங்கள். பெட்டியை இறக்கும் இடத்துக்கு மேலே அல்லது பக்கத்தில் உயரழுத்தக் கம்பி போனால் அங்கே பாரந்தூக்கி வேலையே வேண்டாம். பாரந்தூக்கியின் நீண்ட கை (பூம்) மின்கம்பியைத் தொட வேண்டும் என்றில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும்.

ஐந்தாம் படி: கீழே என்ன இருக்கிறது?

பாரந்தூக்கி வேலை செய்யும்போது பக்கவாட்டில் கால்களை நீட்டி ஊன்றிக்கொள்ளும். எடை அந்தக் கால்களுக்குக் கீழே ஒரு பலகை அளவு இடத்தில் குவியும். யாழ்ப்பாணத்து வளவில் அந்த இடத்தில் என்ன இருக்கக்கூடும் என்று யோசியுங்கள்: மலக்கூடக் குழி, மண் போட்டு மூடிய பழைய கிணறு, இடம்பெயர்ந்த காலத்தில் வெட்டி, பிறகு அரைகுறையாக மூடிய பதுங்குகுழி. வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடி நட்டு அடையாளம் வையுங்கள். வளவு கைமாறி வந்ததென்றால் அயலில் கேளுங்கள். எங்கள் மூடிய கிணற்றைக் காட்டித்தந்தது பக்கத்து வீட்டு ஆச்சி.

மண்ணும் இடத்துக்கு இடம் வேறு. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் கோடையில் கல் மாதிரி. ஐப்பசி மழை விழுந்து ஒரு வாரத்தில் லொறிச் சில்லு அச்சுவரை இறங்கிவிடும். வடமராட்சி கிழக்கின் மணலில் காய்ந்த நாளில்தான் சிக்கல், நனைந்தால் சற்றுக் கெட்டி. நீரேரி ஓரத்துச் சேற்று நிலத்தை மேற்பட்டையைப் பார்த்து நம்பவே கூடாது. எப்படியானாலும் தண்டவாளச் சிலிப்பர் கட்டை, தடித்த பலகை, பனங்குத்தி என்று கால்களுக்குக் கீழே வைக்க ஏதாவது தயாராக இருக்கட்டும். நாள் குறிப்பதென்றால் மாசி முதல் ஆவணி வரை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் வேண்டாம்.

பெட்டி நான்கு மூலையிலும் நின்றால் போதும். நடுவே முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. நான்கு கொங்கிரீட் கட்டைகள், ஒவ்வொன்றும் குறைந்தது ஓரடிச் சதுரம். துளையுள்ள சீமெந்துக் கல்லை வைக்காதீர்கள், நொறுங்கிவிடும். மேசனிடம் நீர்மட்டக் குழாய் இருக்கும். நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மூலை இரண்டு சென்ரிமீற்றர் தாழ்ந்தாலே பெட்டி முறுகி, கதவு இறுகிவிடும். பலர் கதவின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டு விட்டுக் களைப்பார்கள். கோளாறு கல்லில் இருக்கும்.

தாழ்ந்த நிலத்தில் இருப்பவர்கள் கட்டையை இன்னும் உயர்த்திக் கட்டுங்கள். சின்னக் கணக்கு ஒன்று: 2,300 கிலோ எடையுள்ள வெறும் பெட்டி, தண்ணீர் உள்ளே புகாமல் இருந்தால், அடித்தட்டுக்கு மேலே வெறும் 16 சென்ரிமீற்றர் வெள்ளம் ஏறினாலே மிதக்கத் தொடங்கும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்த அளவு ஒரு பொருட்டல்ல. வெறுமையாக விடுவதென்றால் மூலையில் சங்கிலி போட்டு நிலத்தோடு பிணைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எந்த வாகனம்?

இரண்டு முறை உண்டு. பூம் ட்ரக் என்கிற, தூக்கியும் தட்டும் சேர்ந்த ஒரே லொறி. அல்லது தனிப் பாரந்தூக்கி ஒன்றும் இழுவை ஒன்றும். முதலாவது மலிவு, ஒழுங்கைக்கும் ஏற்றது. ஆனால் அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஐந்து தொன் என்று எழுதியிருந்தால் அந்த ஐந்தைத் தூக்குவது இரண்டு மூன்று மீற்றருக்குள் மட்டுமே. கை நீள நீள வலு விழும். எட்டு மீற்றரில் கால் பங்கு மிஞ்சுவதே சந்தேகம். அந்தத் தூரத்தைத் தூக்கியின் சுழலும் நடுவிலிருந்து பெட்டியின் நடுவரை அளக்க வேண்டும், மதில்வரை அளந்து பயனில்லை. பெட்டி ஒழுங்கைக்குப் பக்கவாட்டாக நின்றால் அதன் நடு விளிம்பிலிருந்து 1.2 மீற்றர், நேராக நீட்டி நின்றால் 3 மீற்றர். வைக்கும்போதே பக்கவாட்டாக, ஒழுங்கை ஓரமாக வைத்திருந்தால் எங்கள் மதில் தப்பியிருக்கும்.

எங்கள் கதையும் அதுதான். மதிலுக்கு மேலாகத் தூக்கிவிடலாம் என்று நிறைய நம்பிக்கையோடு ஒருவர் வந்தார். கையை நீட்டினார். பெட்டியின் ஒரு முனை ஒரு சாண் எழும்பியது. அதற்குள் லொறியின் மறுபக்கச் சில்லு நிலத்தைவிட்டு எழும்பியது. நல்ல வேளையாக அவர் உடனே இறக்கிவிட்டார். வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு போனார். வராமல் தொலைபேசியில் விலை சொல்பவரை அமர்த்தினால் இப்படித்தான். நேரில் வந்து, நாடா பிடித்து, தூக்கியின் வலு அட்டவணையைப் பார்த்து விலை சொல்பவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

சாமானோடு பெட்டியைத் தூக்கச் சொல்லாதீர்கள். மேல் மூலைகளில் நான்கு சங்கிலி போட்டுச் சாய்வாகத் தூக்குவது வெறும் பெட்டிக்குத்தான் பொருந்தும். நிறைந்த பெட்டியை மேலிருந்து தூக்க, சங்கிலி செங்குத்தாக இறங்கும்படி ஒரு சட்டம் வேண்டும். துறைமுகத்தில் அது இருக்கும், ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெறும் பெட்டிக்கும் கொக்கியை உட்புறமிருந்து வெளிப்புறமாக மாட்ட வேண்டும். சங்கிலி குட்டையானால் கூரை விளிம்பை உள்ளே இழுக்கும். நீளமானால் பூம் உயர வேண்டும், உயர்ந்தால் மேலே கம்பி. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஏற்றும் முன்னரே சொல்ல வேண்டிய ஒன்று: கதவு எந்தப் பக்கம்? லொறியில் கதவு முன்னே பார்த்து ஏறினால் வளவிலும் முன்னே பார்த்துத்தான் இறங்கும். மரமும் சுவரும் உள்ள இடத்தில் ஆறு மீற்றர்ப் பெட்டியை அந்தரத்தில் திருப்ப இடம் இராது. வாடைக் காற்றோடு வரும் மாரி மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும், ஆகவே கதவு அந்தத் திசையைப் பார்க்க வேண்டாம். கதவு முழுதாகத் திறந்து மடிய முன்னால் குறைந்தது எட்டடி வெளியும் விடுங்கள். நான் பார்த்த ஒரு பெட்டியின் கதவு தென்னையில் முட்டி முக்கால்வாசிதான் திறக்கும். அதற்குள்ளிருந்த அலுமாரியை அவர்கள் இரண்டாக அறுத்துத்தான் எடுத்தார்கள்.

ஏழாம் படி: கடதாசி

பெட்டியை வாங்கியபோது பெற்ற பற்றுச்சீட்டும் சுங்கத் தீர்வு முடிந்ததற்கான பிரதியும் லொறியோடு போகட்டும். கொள்கலன் ஒன்று வீதியில் போனால் பொலிஸ் மறித்து "யாருடையது, உள்ளே என்ன" என்று கேட்பது இயல்பு. பெட்டி எண்ணும் பற்றுச்சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று முதலே பாருங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறவர்கள் அந்தப் பிரதி இல்லாத பெட்டியை மலிவு என்று வாங்க வேண்டாம். கொழும்பிலிருந்து வருவதென்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஏ9 வழியாகவோ, 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பின்னர் மன்னார், பூநகரி வழியாகவோ வரலாம். எப்படி வந்தாலும் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் கொண்டுவரும் கூலியையும் எழுதிப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடங்களில் வீதியைவிட்டு இறங்கி லொறியை நிறுத்த வேண்டாம் என்று சாரதியிடம் சொல்லிவிடுங்கள். வெளியூர்ச் சாரதிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சில மாதம் சாமான் வைக்க நிற்கும் பெட்டி வேறு. யன்னல் வெட்டி, மின்சாரம் இழுத்துக் கடையாகவோ அலுவலகமாகவோ ஆக்கும் பெட்டி வேறு. இரண்டாவதைக் கட்டடம் என்றே கேட்பார்கள். பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதலாவது வகையானாலும் காணி பலருக்குப் பொதுவானதென்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். ஒழுங்கையை ஒரு மணி நேரம் அடைக்கப் போகிறீர்கள் என்று அயலவருக்குச் சொல்வதற்குக் கடதாசி வேண்டாம். முதல் நாள் மாலை படலையில் நின்று சொன்னால் போதும். பிரதான வீதியில் லொறி குறுக்கே நிற்க வேண்டுமென்றால் போக்குவரத்துப் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

வாடகைக்கு எடுப்பதென்றால்

வாடகை ஒப்பந்தத்தில் எல்லோரும் மாதக் கட்டணத்தையே பார்ப்பார்கள். நீங்கள் எடுக்கும் நாளைப் பற்றிய வரியைத் தேடுங்கள். மாரியில் நிலம் இளகிப் பெட்டியை எடுக்க முடியாமல் போனால் அந்த மாதங்களுக்கு வாடகை யார் கட்டுவது? பாரந்தூக்கி வந்து திரும்பிப் போனால் கூலி யாருடையது? கம்பியைக் கழற்ற யார் விண்ணப்பிப்பது? இவை எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். முற்பணம் எதற்குக் கழிக்கப்படும், குறைந்தபட்சக் காலம் எத்தனை மாதம், பூட்டு யாருடையது, இடையில் பெட்டி விற்கப்பட்டால் உங்கள் சாமான் என்னவாகும் என்பதும் இருக்க வேண்டும். பெட்டி வந்து இறங்கியதும் நான்கு பக்கமும் உள்ளேயும் திகதியோடு படம் எடுத்துவிடுங்கள். போகும்போது "இந்தச் சப்பளிவு நீங்கள் செய்தது" என்ற பேச்சு வராது.

வாடகையின் உண்மையான நன்மை வேறொன்று. ஒப்பந்தம் சரியாக எழுதப்பட்டால், எடுக்கும் தலைவலி உங்களுடையதல்ல. எனக்கு அந்த மூன்று நாளும் மிஞ்சியிருக்குமென்றால் அதற்காக எத்தனை மாத வாடகை கொடுத்திருப்பேன் என்று பிறகு யோசித்ததுண்டு.

உள்ளே என்ன வைக்கலாம்?

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏப்ரல் நடுவில் யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், ஆவணியில் இன்னொரு தடவை. அப்போது மூடிய இரும்புப் பெட்டி அடுப்பு. இரவில் இரும்பு குளிர, உள்ளேயிருக்கும் ஈரக்காற்று கூரையில் வியர்த்துச் சொட்டும். மழை பெய்யாமலேயே சாமான் நனைந்திருக்கும். புகைப்பட ஆல்பம், பட்டுச் சேலை, இலத்திரனியல் பொருள், உறுதிப் பத்திரம் எதுவும் வேண்டாம். வெங்காயம் வைக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காற்று ஊடாத பெட்டியில் அது முளைக்கும் அல்லது அழுகும், அதற்கு நம்முடைய கிடுகுக் கொட்டிலே மேல். அரிசி மூட்டையை நேரே தரையில் அடுக்காதீர்கள், பெட்டியின் பலகைத் தரைக்குப் பூச்சி மருந்து ஊட்டியிருப்பார்கள். மரத் தளபாடத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டையில் ஏற்றி வையுங்கள். பெட்டிக்கு மேலே நான்கு தடி நட்டு ஒரு கிடுகுக் கூரை போட்டால் உள்வெப்பம் நன்றாகக் குறையும். பார்க்க விசித்திரமாக இருக்கும், பரவாயில்லை.

அந்த நாள்

காலை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். அவர்கள் ஒன்பதுக்கு வருவார்கள். கட்டளை கொடுக்க ஒருவர் மட்டும்; வேடிக்கை பார்க்க வந்த மாமா, சித்தப்பா எல்லோரும் கை காட்டினால் தூக்கி இயக்குபவர் யாரைப் பார்ப்பது? பெட்டியின் இரு முனையிலும் கயிறு கட்டி, இருவர் தள்ளி நின்று பிடிக்கட்டும். தொங்கும் பெட்டிக்குக் கீழே யாரும் கையை நீட்டக் கூடாது. கட்டையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பெட்டியைப் பக்கத்தில் இறக்கிவிட்டுச் செய்யுங்கள். காற்று பலமாக அடித்தால் நிறுத்துங்கள். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் பத்து மணிக்கு மேல் காற்று எழும்பும். அந்தப் பக்கச் சுவர் 15 சதுர மீற்றருக்கு மேலே ஒரு பாய்மரம்.

இறக்கியதும் சங்கிலியைக் கழற்ற விடாதீர்கள். முதலில் கதவு இரண்டையும் முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். இறுகினால் அப்போதே தூக்கி, தாழ்ந்த மூலையில் தகடு வைக்கச் சொல்ல வேண்டும். லொறி படலையைத் தாண்டிய பிறகு சொன்னால் அது இன்னொரு தூக்கு.

எங்கள் பெட்டி இப்போது மீசாலையில் என் மைத்துனரின் காணியில், வீதியோரமாக, பக்கவாட்டாக நிற்கிறது. அதற்கு முன்னால் அவர் மதில் கட்ட நினைத்தபோது, பதினைந்து அடிக்கு மட்டும் கிடுகு வேலியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.